தலையாட்டியும் கமராவும்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, முகத்தைப் பார்த்து ஆளைப் பிடிக்கிற முறை ஒன்றும் புதிதல்ல. கமராவும் கணினியும் வருவதற்கு முன்பே அது எங்களிடம் இரண்டு உருவத்தில் வந்து போய்விட்டது.

ஒன்று, சோதனைச் சாவடி. பஸ்ஸை நிறுத்துவார்கள். எல்லோரும் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடப்போம். சிப்பாய் அடையாள அட்டையை வாங்குவார். அட்டையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், திரும்பவும் அட்டையைப் பார்ப்பார். பதினாறு வயதில் ஸ்டூடியோவில் விறைத்துப்போய் எடுத்த படத்துக்கும், முப்பது வயதில் தாடியோடு நிற்கிறவனுக்கும் ஒற்றுமை தேடுவார். 'போ' என்று கையை அசைத்தால் மூச்சு வரும்.

மற்றது, தலையாட்டி. விடியற்காலையில் ஊரைச் சுற்றிவளைத்து, ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்திலோ கோயில் வீதியிலோ கொண்டுவந்து இருத்துவார்கள். முகத்தை முழுக்க மூடிய ஒருவர் இருப்பார். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவருக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். தலை அசைந்தால் ஒரு பக்கம், அசையாவிட்டால் மறு பக்கம். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில் அப்படித்தான் ஆட்களை வரிசையாக நடக்கவிட்டார்கள். 158 பேரைக் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை.

முகமறி தொழில்நுட்பத்தைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இதை ஏன் இழுக்கிறேன் என்றால், அந்தத் தொழில்நுட்பம் செய்கிற வேலைகளும் இந்த இரண்டுதான். சாவடிச் சிப்பாய் கேட்டது, 'நீ இந்த அட்டைக்காரன்தானா?' தலையாட்டியிடம் கேட்கப்பட்டது, 'இத்தனை பேரில் யார் அவன்?' துறை சார்ந்தவர்கள் முதலாவதை ஒன்றுக்கு ஒன்று ஒப்பிடுதல் என்பார்கள், இரண்டாவதை ஒன்றுக்குப் பல. கணிதம் ஒன்று, மென்பொருள் ஒன்று, கமராவும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் பிழை நடக்கிற விதமும், அந்தப் பிழை யாருடைய தலையில் விழுகிறது என்பதும் முற்றிலும் வேறு. 'முகமறி தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா' என்று பட்டிமன்றம் வைப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

சரி, மெஷின் முகத்தை எப்படிப் பார்க்கிறது?

முதலில் படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறது. போனில் படம் எடுக்கும்போது முகத்தைச் சுற்றி ஒரு சதுரம் வருகிறதே, அதுதான். அது ஆளை அறிவதல்ல. 'இங்கே ஒரு முகம் இருக்கிறது' என்பது மட்டும். பிறகு இரண்டு கண், மூக்கு நுனி, வாயின் இரு ஓரங்கள் இவற்றைக் கண்டுபிடித்து, சரிந்த முகத்தை நிமிர்த்தி, ஒரே அளவுக்குக் கொண்டுவருகிறது. மூன்றாவதாக அந்த முகத்தை எண்களாக மாற்றுகிறது. இந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது.

ஓர் ஊரை வரைபடத்தில் காட்ட இரண்டு எண் போதும். மட்டக்களப்பு நகரத்துக்கு வடக்கே 7.7 பாகை, கிழக்கே 81.7 பாகை. கல்முனைக்கு 7.4, 81.8. இரண்டு சோடி எண்களையும் வைத்துக்கொண்டு, அந்த ஊர்களைக் கண்ணாலேயே காணாத ஒருவரும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுவிடலாம். முகத்துக்கும் இப்படித்தான் ஒரு விலாசம் கொடுக்கிறார்கள். ஆனால் இரண்டு எண் போதாது. 2015இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை ஒரு முகத்துக்கு 128 எண் கொடுத்தது. அந்த எண்களில் இது மூக்கின் நீளம், இது நெற்றியின் அகலம் என்று தனித்தனியாகச் சொல்ல முடியாது. இலட்சக்கணக்கான படங்களைக் காட்டி, 'இந்த இரண்டும் ஒரே ஆள், கிட்டக் கொண்டுவா. இது வேறு ஆள், தள்ளி வை' என்று பழக்கிப் பழக்கி மென்பொருள் தானாகவே அமைத்துக்கொண்ட வரைபடம் அது. நன்றாகப் பழகிய மென்பொருளில் ஒருவருடைய படங்களெல்லாம், தாடியோடும் தாடியில்லாமலும் சிரித்தபடியும் முறைத்தபடியும், ஒரே கிராமத்து வீடுகள் மாதிரிப் பக்கத்தில் பக்கத்தில் விழும். வேறொருவருடையது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் விழும்.

இந்த வேலையைத் தொடங்கியவர்கள் கையால் அளந்தார்கள். 1960களில் அமெரிக்காவில் வூட்ரோ பிளெட்சோ என்ற கணிதவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒவ்வொரு புகைப்படத்திலும் கண், வாய் முதலிய இடங்களை ஒரு மின்பலகையில் பேனாவால் குறித்துக் கணினிக்குக் கொடுத்தார்கள். 1991இல் மத்தியூ டர்க், அலெக்ஸ் பென்ட்லண்ட் இருவரும் முகத்தைத் துண்டு துண்டாக அளக்காமல் முழுப் படமாகவே கணக்கிடும் வழியைக் காட்டினார்கள். பெரிய பாய்ச்சல் 2014இல் வந்தது. பேஸ்புக் தன்னிடம் இருந்த ஏறக்குறைய 4,000 பேரின் 40 இலட்சம் படங்களைக் கொண்டு பழக்கிய மென்பொருள், ஆய்வாளர்கள் பொதுவாகப் பாவிக்கும் ஒரு சோதனைத் தொகுப்பில் 97.35 வீதம் சரியாகச் சொன்னது. மனிதர்களுக்கு நூலளவு பின்னால். நாங்கள் ஆசையாக ஏற்றிய கல்யாணப் படங்களும் 'டாக்' செய்த பெயர்களும் அந்தக் கம்பெனிக்கு என்ன பெறுமதி என்பது அப்போதுதான் புரிந்தது.

கடைசிப் படி, தூரத்தை அளப்பது. இரண்டு முகங்களின் எண்களுக்கு இடையே உள்ள தூரம் ஓர் அளவுக்குக் குறைவாக இருந்தால் 'ஒரே ஆள்', கூடினால் 'வேறு ஆள்'. அந்த அளவுக்குத்தான் வரம்பு என்று பெயர். எங்கள் வயற்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. வரம்பைப் பதித்துக் கட்டினால் அடுத்த வயல் தண்ணீர் உள்ளே வரும். உயர்த்திக் கட்டினால் வர வேண்டிய தண்ணீரும் நிற்கும். முகமறி மெஷினிலும் அதேதான். வரம்பைத் தளர்த்தினால் அடுத்தவனையும் நீ என்று சொல்லும். அது பொய்ப் பொருத்தம். இறுக்கினால் உன்னையே நீயில்லை என்று சொல்லும். அது பொய் மறுப்பு. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். இரண்டையும் ஒரேயடியாகப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த மெஷின் உலகத்தில் இல்லை. ஆகவே 'இது 99 வீதம் சரி' என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், அவரிடம் கேட்க வேண்டியது, வரம்பை எங்கே கட்டினீர்கள், யார் கட்டினார்கள் என்பதுதான்.

மெஷின் 'ஆம், இல்லை' என்று பேசுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது சொல்வது 'கிட்ட, தூர' மட்டும்தான். ஆமாக்குவதும் இல்லையாக்குவதும், வரம்பை வைத்த மனிதர்.

ஒன்றுக்கு ஒன்று ஒப்பிடும்போது இது பெரும்பாலும் தாங்கக்கூடிய தொல்லை. ஐபோனில் 2017இல் வந்த முகப் பூட்டு, கண்ணுக்குத் தெரியாத 30,000க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசி அதன் மேடுபள்ளத்தை அளக்கிறது. வழியில் போகிற யாரோ ஒருவருடைய முகத்துக்கு அது திறபடும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று என்று ஆப்பிள் சொல்கிறது. இரட்டையர்களுக்கும் சாயல் ஒத்த சகோதரர்களுக்கும் அந்தக் கணக்குப் பொருந்தாது என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. போன் திறபடாவிட்டால் இலக்கத்தை அழுத்தித் திறக்கலாம். வீட்டிலிருந்தே வங்கிக் கணக்குத் திறக்கும் செயலி செல்பி கேட்டு, கண்ணைச் சிமிட்டு, தலையைத் திருப்பு என்று படுத்துவதும் இந்த வகைதான். முன்னால் நிற்பது உயிருள்ள ஆளா, இல்லை யாரோ படத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு அது. இங்கே முகத்தைக் கொடுப்பது நாம், எதற்கென்று தெரிந்து.

தேசிய அடையாள அட்டைப் படத்துக்கு 'சிரிக்காதீங்க, வாயை மூடுங்க' என்று ஸ்டூடியோக்காரர் சொல்வதன் காரணமும் இதில் இருக்கிறது. படம் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் தரத்துக்கு வர வேண்டும். இரண்டு கண்ணுக்கும் நடுவே குறைந்தது 90 படப்புள்ளி, சீரான வெளிச்சம், சலனமில்லாத முகம். மென்பொருள் சுலபமாக அளக்கக்கூடிய முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1972இல் இருந்து நாங்கள் வைத்திருந்த பழைய அட்டை இலக்கத்தில் பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும், 500 கூட்டியிருந்தால் பெண் என்பதும் இருந்தன. 85532 என்று தொடங்கினால் 1985 பெப்ரவரி 1இல் பிறந்த பெண். ஆனால் அந்த இலக்கத்தை எந்த உடம்போடும் ஒட்டிவைக்க வழியில்லை, படம்தான் பசை. முகம், கைரேகை, கண் என்று உடம்பையே அடையாளமாக்கும் உயிரியல் அடையாளம் என்று இப்போது பேசப்படுவதெல்லாம் அந்தப் பசையை மாற்றுகிற முயற்சி.

இனி ஒன்றுக்குப் பல. ஒரு பேச்சுக்கு, ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்கு 50,000 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் கமரா. தேடப்படுவோர் பட்டியலில் 500 முகம். மென்பொருள் மிக நல்லது. ஓர் இலட்சம் ஒப்பீட்டில் ஒரு தடவைதான் பிழைவிட்டு வேறொருவரைப் பொருத்தும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 50,000 பேரையும் 500 முகத்தோடு தனித்தனியே ஒப்பிட வேண்டும். அது இரண்டரைக் கோடி ஒப்பீடு. இலட்சத்துக்கு ஒன்று என்றால் 250 பொய்ப் பொருத்தம். கூட்டத்துக்குள் உண்மையாகவே தேடப்படும் இரண்டு பேர் இருந்து, இருவரையும் மெஷின் தவறாமல் பிடித்ததென்றே எடுத்துக்கொள்ளுங்கள். 252 தடவை மணி அடிக்கும். அதில் 250, தீர்த்தமாட வந்த அப்பாவிகள்.

வரம்பை இறுக்கி பத்து இலட்சத்தில் ஒன்று ஆக்கினால் 250 என்பது 25 ஆகும். நல்லதுதான். ஆனால் அடுத்த வருடம் பட்டியல் 500இலிருந்து 5,000 ஆனால் திரும்பவும் 250. பட்டியல் நீளும்போது மெஷினின் தரம் குறைவதில்லை. பிழைகளின் எண்ணிக்கை கூடுகிறது. இதை எந்த விளம்பரத்திலும் எழுதமாட்டார்கள். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பட்டியலை எழுதுகிறவர் யார், அதில் பெயரை வெட்டுகிறவர் யார் என்பது மென்பொருளுக்குள் இல்லை. தலையாட்டியின் கண்ணைப் பற்றி நாம் எவ்வளவும் பேசலாம். அவரை அந்தக் கதிரையில் இருத்தியது யார் என்பது வேறு கேள்வி.

இது கற்பனைக் கணக்கு என்று விட்டுவிடவும் முடியாது. அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரப் பொலிஸார் ரொபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவரை 2020 ஜனவரியில் அவருடைய வீட்டு வாசலில், மனைவி பிள்ளைகளுக்கு முன்னால் வைத்துக் கைது செய்தார்கள். கடையொன்றில் கைக்கடிகாரம் திருடிய ஒருவரின் மங்கலான கமராப் படத்தை மென்பொருளில் போட்டபோது, வில்லியம்ஸின் பழைய சாரதி அனுமதிப்பத்திரப் படம் வந்திருந்தது. ஏறத்தாழ 30 மணித்தியாலம் அடைத்துவைத்தார்கள். மெஷின் தந்தது ஒரு துப்பு மட்டுமே. பொலிஸார் அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். 2024இல் அந்த நகரம் அவரோடு இணக்கத்துக்கு வந்து, முகப் பொருத்தத்தை மட்டும் வைத்துக் கைது செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டது.

30 மணித்தியாலம் என்று படித்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம், இங்கே என்றால் எத்தனை என்பதுதான். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒரு தடுப்புக் காவல் கட்டளை 90 நாள். நீட்டி நீட்டி 18 மாதம் வரை கொண்டுபோகலாம் என்றிருந்ததை 2022 திருத்தம் 12 மாதமாகக் குறைத்தது. பிழைக்கு விலை என்ன என்பதை மெஷின் தீர்மானிப்பதில்லை. அந்த மெஷின் எந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில் வைக்கப்படுகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

2019ஐ மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. 26ஆம் திகதி சாய்ந்தமருதில் சுற்றிவளைப்பு. அதற்கு முதல் நாள் பொலிஸார் தேடப்படுவோரின் படங்களை வெளியிட்டபோது, ஒரு பெயருக்குப் பக்கத்தில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக மாணவி ஒருவரின் படம் போயிருந்தது. குண்டுவெடிப்போடு எந்தத் தொடர்பும் இல்லாத பெண். பொலிஸார் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டார்கள். ஆனால் அதற்குள் படம் உலகம் சுற்றிவிட்டது, அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்துவிட்டன. ஒரு பெயரோடு தவறான முகம் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் வேண்டுமா?

அதே மாதம் 29ஆம் திகதி முகத்தை மூடும் ஆடைகளுக்கு அவசரகாலச் சட்டத்தின் கீழ் தடை வந்தது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கல்முனையிலும் பல பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதையே குறைத்துக்கொண்டார்கள். முகம் என்பது எல்லோரும் எல்லா நேரமும் திறந்து வைத்திருக்கும் பொதுச்சொத்து என்ற எண்ணத்தின் மேல்தான் தெருக்கமரா முகமறிதல் நிற்கிறது. அந்த எண்ணம் எங்கள் கரையோர ஊர்களில் பாதிப்பேருக்குப் பொருந்தாது. பிறகு கொரோனா வந்து எல்லோருடைய வாயையும் மூக்கையும் மூடியது வேறு கதை. அமெரிக்காவின் தேசிய தரநிர்ணய நிறுவனம் 2020இல் சோதித்தபோது, மாஸ்க் போட்ட முகங்களில் மிகச் சிறந்த மென்பொருள்கள்கூட 5 வீதம் அளவில் தவறின. வேறு பல 20 முதல் 50 வீதம் வரை.

அதே நிறுவனம் 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையும் எங்களுக்கு முக்கியம். 189 மென்பொருள்களை ஏறத்தாழ 85 இலட்சம் பேரின் படங்களில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றுக்கு ஒன்று ஒப்பிடும்போது பல மென்பொருள்களில் கிழக்கு ஆசியர்களுக்கும் ஆபிரிக்க வம்சாவளியினருக்கும் பொய்ப் பொருத்தம் வெள்ளையர்களைவிடப் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை கூடியிருந்தது. பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் சிறுவர்களுக்கும் கூட. ஆனால் சீனாவில் செய்த மென்பொருள்கள் சிலவற்றில் கிழக்கு ஆசியருக்கு அந்தக் குறை இல்லை. யாருடைய முகத்தைக் காட்டிப் பழக்குகிறோமோ அவர்களைத்தான் அது நன்றாக அறியும். இதற்கு முன், 2018இல், ஜோய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களில் பிழை 0.8 வீதத்துக்கு மேல் போகவில்லை. கருநிறப் பெண்களில் 34.7 வீதம் வரை போனது.

எல்லாப் பழியையும் மென்பொருளில் போடவும் கூடாது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், கொரோனாவுக்குப் பிறகு வரவு பதியும் விரல் மெஷினைக் கழற்றிவிட்டு முக மெஷின் பூட்டினார்கள். பூட்டிய இடம், கிழக்குப் பார்த்த வாசலுக்கு நேர் எதிரே. காலை எட்டரைக்கு வெயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று அடிக்கும். மெஷினுக்குத் தெரிவது ஒரு கறுப்பு நிழல். வெள்ளையான கணக்காளர் ஒருவர் நிமிர்ந்தபடி போய்விடுவார். நாங்கள் மூன்று நான்கு கறுத்த ஆட்கள் குனிந்து, நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றி, போன் வெளிச்சத்தை முகத்துக்குப் பிடித்து நிற்போம். பியோன் ஐயா ஒரு நாள் சொன்னார்: "கொஞ்சம் பவுடர் பூசிட்டு வாங்களன் சேர், மெஷினுக்கு உங்களப் புடிக்கல்ல போல." பகிடிதான், ஆனால் விஷயத்தை அவர் சரியாகப் பிடித்திருந்தார். பிறகு ஒரு தொழில்நுட்பப் பையன் வந்து மெஷினைப் பக்கச் சுவருக்கு மாற்றினான். தொல்லை முக்கால்வாசி தீர்ந்தது. மென்பொருளில் ஒரு வரிகூட மாறவில்லை, வெளிச்சம் மாறியது.

விரல் மெஷினை ஏன் கழற்ற வேண்டும் என்று கேட்கலாம். கொரோனாக் காலத்தில் எல்லோரும் ஒரே கண்ணாடியைத் தொடக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று பழையது. மண்வெட்டி பிடித்த கைக்கும், கடலில் கயிறிழுத்த கைக்கும், மருதமுனையில் தறியில் நூலோடு கிடந்த கைக்கும், சீமெந்து குழைத்த கைக்கும் ரேகை தேய்ந்துவிடும். விரலை வைப்பார்கள், சிவப்பு எரியும். துடைத்து வைப்பார்கள், திரும்பவும் சிவப்பு. உழைக்காத கையைத்தான் அந்த மெஷினுக்குப் பிடிக்கும்.

கருவிழி இன்னும் உறுதியானது. இங்கே ஓர் இடைச்செருகல்: எங்கள் செய்திகளில் இதை 'விழித்திரை' என்று எழுதிவிடுகிறார்கள். விழித்திரை கண்ணின் பின்சுவர். மெஷின் படமெடுப்பது கண்மணியைச் சுற்றியுள்ள வளையத்தை, கருவிழிப் படலத்தை. அதிலுள்ள கோலம் ஒரே ஆளின் இடக் கண்ணுக்கும் வலக் கண்ணுக்கும்கூட வேறு. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜோன் டோக்மன் அதை எண்ணாக்கும் கணிதத்தைக் கண்டுபிடித்தார். அவருடைய முறையை 2000களின் தொடக்கத்திலேயே எல்லையில் பொருத்திய நாடு ஐக்கிய அரபு அமீரகம். நாடுகடத்தப்பட்டவர்கள் பெயரையும் பாஸ்போர்ட்டையும் மாற்றிக்கொண்டு திரும்பி வருவதைப் பிடிக்கத்தான். எங்கள் பக்கத்துப் பெண்கள் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போய் இறங்கிய உடனே 'கண்ணைப் பிடித்தார்கள்' என்று சொன்னது இதைத்தான். உயிரியல் அடையாளம் என்ற சொல்லை ஒரு நாளும் கேள்விப்படாத வாழைச்சேனைத் தாய் ஒருவர், கொழும்பில் பெரிய உத்தியோகத்தில் இருப்பவருக்கு முன்பே அதற்குள் போய் வந்துவிட்டார்.

விரலை வைக்கச் சொன்னால் நமக்குத் தெரியும். கண்ணைக் காட்டச் சொன்னாலும் தெரியும். முகத்தை மட்டும் நமக்குத் தெரியாமலேயே, மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று தேநீர் குடிக்கும்போதே, எடுத்துவிடலாம். இரகசிய இலக்கம் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்ற முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் இந்த இடத்தில்தான் கோடு கிழித்தது. இணையத்திலிருந்தும் கமராக்களிலிருந்தும் கண்டபடி முகங்களை அள்ளிச் சேர்ப்பதும், சில விதிவிலக்குகள் தவிரப் பொது இடத்தில் பொலிஸார் உடனுக்குடன் முகம் தேடுவதும் 2025 பெப்ரவரி 2 முதல் அங்கே தடை. போனைத் திறக்கும் முகப் பூட்டை அவர்கள் தடுக்கவில்லை. எந்தக் கேள்வி என்று பார்த்துப் பிரித்தார்கள்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உயிரியல் தரவு அதில் விசேட வகைக்குள் வருகிறது, கூடுதல் பாதுகாப்போடு. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்து ஒத்திவைக்கப்பட்டன. மெஷின்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. 2024 பெப்ரவரியில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் தேடப்படுவோரை அடையாளம் காண முகமறி கமராக்கள் வந்தன.

அடுத்து வரப்போவது தனித்துவ டிஜிட்டல் அடையாள அட்டை. இந்திய உதவியோடு நடக்கும் இந்தத் திட்டத்துக்கு 2022 மார்ச்சில் உடன்படிக்கை கைச்சாத்தானது. முகம், கருவிழி, கைரேகை மூன்றும் எடுக்கப்படும். பிறகு ஒரு சேவைக்குப் போகும்போது 'நீ இன்னார்தானா' என்ற கேள்விதான் கேட்கப்படும், சாவடிச் சிப்பாய் கேட்டது மாதிரி. ஆனால் பதிவு செய்யும் அன்று மட்டும் ஒரு தடவை மற்றக் கேள்வி வந்தே தீரும். இந்த ஆள் வேறு பெயரில் ஏற்கெனவே பதிந்திருக்கிறாரா என்று பார்க்க, இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்களோடு ஒப்பிட வேண்டும். மாமாங்கக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். முகம் மட்டும் அந்த அளவுக்குத் தாங்காது. இந்தியாவில் 2010இல் ஆதார் கொடுக்கத் தொடங்கியபோதே பத்து விரலையும் இரண்டு கருவிழியையும் சேர்த்து எடுத்ததற்கு இதுதான் முக்கிய காரணம்.

முகம் தாங்காத இடம் எது என்று இந்தக் கரைக்கு நன்றாகவே தெரியும். 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிகம் பேரை இழந்தது அம்பாறை மாவட்டம். கல்முனை ஆஸ்பத்திரிக்கு 81ஆவதாகக் கொண்டுவரப்பட்டது, சில மாதமே ஆன ஒரு குழந்தை. ஒன்பது தம்பதியர் அது தங்களுடையது என்கிறார்கள் என்று உலகமெங்கும் செய்தி போனது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி, அந்த முகத்தில் தன் பிள்ளையின் முகத்தைக் காண்பதைப் பொய் என்று யார் சொல்வது? 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனைதான் தீர்த்துவைத்தது. அதற்குள் ஏழு கிழமை போயிருந்தது.

புதிய அட்டை வருவதை நான் எதிர்க்கவில்லை. வெளிநாட்டில் இருக்கிற மகன் ஒரு பத்திரத்துக்காகப் பறந்து வர வேண்டியிருக்காது, படுவான்கரையிலிருந்து ஒரு கையெழுத்துக்காக இரண்டு நாள் அலைய வேண்டியிருக்காது. எனக்கிருப்பது சில சில்லறைக் கேள்விகள்தான். பதியும்போது எடுத்த முகம் பொலிஸாரின் தேடலுக்குப் போகுமா? போவதென்றால் யாருடைய கட்டளையில்? வரம்பை எங்கே கட்டியிருக்கிறார்கள்? முகத்திரை அணிந்த பெண்ணுக்குப் பெண் உத்தியோகத்தர் இருப்பாரா? முதியோர் கொடுப்பனவு எடுக்கப் போன அம்மம்மாவை மெஷின் 'நீயில்லை' என்று திருப்பி அனுப்பினால், கிராம சேவகர் 'எனக்கு இவரைத் தெரியும்' என்று எழுதிக் கொடுக்கிற கடிதம் அங்கே செல்லுமா?

அந்த அலுவலகத்தில் எங்களுக்கு அப்படி ஒரு வழி இருந்தது. முக மெஷின் வந்த பிறகும் பழைய வரவுப் பதிவேட்டை எறியாமல் மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தார்கள். மூன்று தடவை முகம் பிடிபடாவிட்டால் அதில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடலாம். மழை நாளில், வாசலடியில் இருட்டுக் கட்டினால், பியோன் ஐயா நாங்கள் கேட்காமலேயே அதை எடுத்து விரித்து, பேனாவையும் பக்கத்தில் வைத்துவிடுவார்.